கேட்டு வளரும் உள்ளம்

உலகில் பிறந்த குழந்தை எழுத்தை அறியுமுன் சொல்லை அறிகிறது. சொல்லின் பொருளை அறியுமுன் அதனைச் சொல்லும் குரலை அறிகிறது. தாயின் தாலாட்டில் தொடங்கும் இக்கேள்விக் கல்வி, பாட்டியின் கதையில் வளர்ந்து, பள்ளியின் பாடத்தில் தொடர்கிறது. திருவள்ளுவரும் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்பதனைத் தனியோர் அதிகாரமாக வைத்தார். அதன் பின்னரே அறிவுடைமையைக் கூறினார். நூலைக் கற்க இயலாதவரும் கற்றோர் சொல்லைக் கேட்டு அறிவு பெறலாம் என்பது அவர் காட்டிய வழி. செவியும் அறிவு புகும் வாயிலே என்பதனைத் தமிழ்ச் சான்றோர் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர்.

தொல்காப்பியத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. உரைநடையின் வகைகளைக் கூறவந்த தொல்காப்பியர், அவ்வுரையின் ஒரு கூறு செவிலிக்கு உரியது என்று செய்யுளியலில் குறித்தார். செவிலி என்பவள் பிள்ளையை ஊட்டியும் உறக்கியும் பேணி வளர்க்கும் தாய். புலவரும் அரசரும் வழங்கிய மொழியை ஆராய்ந்த இலக்கணம், பிள்ளை வளர்ப்பவளின் உரையையும் மறவாமல் எடுத்துரைத்தது எண்ணி மகிழத்தக்கது.

நூல்கள் அச்சேறிய பின்னரும் கேட்கும் வழக்கம் குன்றவில்லை. ‘பெரிய எழுத்து’ என்னும் பெயரோடு விக்கிரமாதித்தன் கதையும் நல்லதங்காள் கதையும் சிற்றூர்ச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்பனையாயின. ஊரில் எழுத்தறிந்தவர் ஒருவர் திண்ணையில் விளக்கைத் தூண்டிவிட்டு அந்நூலைப் படிப்பார். உழுது களைத்தவரும் நெல் குற்றிக் களைத்தவரும் சுற்றி அமர்ந்து கேட்பர். மழை பொய்த்த காலத்தில் பாரதத்து விராட பருவத்தைப் படிக்கச் செய்து ஊரார் கூடிக் கேட்கும் வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. அந்நாளில் ஒரு நூலுக்கு ஒரு குரலும் ஒரு குரலுக்குப் பல செவிகளும் இருந்தன. படித்தவர் ஒருவரே ஆயினும் பயன் பெற்றவர் பலர்.

பின்னர்க் காலம் மாறிற்று. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இந்திய நாட்டில் நூற்றுக்கு 18 பேரே எழுத்தறிந்தவராய் இருந்தனர். 2011-ஆம் ஆண்டில் அத்தொகை நூற்றுக்கு 74 ஆக உயர்ந்தது; தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 ஆயிற்று. இஃது எல்லோரும் பெருமை கொள்ளத்தக்க வளர்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும், எழுத்தறிவு வீட்டுக்கு வீடு பரவியபோது, படித்துக் கேட்கும் பழக்கம் வீட்டுக்கு வீடு தேய்ந்தது. படிப்பு வாய்விட்டுப் படிப்பதாக இருந்த நிலை மாறி, ஒருவர் தனித்திருந்து கண்ணால் படிப்பதாக ஆயிற்று. வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும் நான்கு மூலைகளில் இருந்து நான்கு பொருள்களைப் பார்க்கின்றனர். ஒரே கதையைக் கேட்டு ஒருங்கே சிரித்து ஒருங்கே வருந்தும் வேளை அருகிவிட்டது.

இதனால் என்ன குறை என்று வினவுவோர் உளர். பிள்ளைக்குப் படிக்கத் தெரிந்துவிட்டால் அவனே படித்துக்கொள்வான். அவனுக்குப் பிறர் படித்துக் காட்டுவது வீண்வேலை என்பர் ஒருசாரார். கதை எதற்கு? பொய் சொல்லாதே, திருடாதே, பகிர்ந்து உண் என்று நேராகச் சொல்லிவிட்டால் போதாதா என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டு கருத்தும் பிள்ளையின் உள்ளத்தை உள்ளவாறு அறியாமையால் எழுந்தவை.

நேராகச் சொல்லும் அறிவுரை செவியில் விழுகிறது. ஆனால் பல வேளைகளில் நெஞ்சைத் தொடுவதில்லை. பஞ்சதந்திரம் தோன்றியதாகக் கூறப்படும் வரலாறே இதற்கு எடுத்துக்காட்டு. அமரசக்தி என்னும் அரசனுக்கு மக்கள் மூவர். மூவரும் கல்வியில் நாட்டமின்றித் திரிந்தனர். விஷ்ணுசர்மன் என்னும் முதியவர் அவர்களை ஆறு திங்களில் அறிவுடையோராக்குவேன் என்று உறுதி கூறி அழைத்துச் சென்றார். இலக்கண நூல்களை விரித்து வைக்காமல், காளையையும் சிங்கத்தையும் காக்கையையும் ஆந்தையையும் பற்றிய கதைகளைச் சொன்னார். பாடத்தை வெறுத்தவர்கள் கதையை விரும்பிக் கேட்டுத் தெளிந்தனர். இந்நூல் பாரசீகம் சென்று, அரபு மொழியில் புகுந்து, மேலை நாடுகளிலும் பரவியது. தமிழிலும் தாண்டவராய முதலியார் மராத்தி மொழியிலிருந்து பெயர்த்த பஞ்சதந்திரம் 1826-ஆம் ஆண்டில் அச்சாயிற்று. நாடும் மொழியும் கடந்து இக்கதைகள் வாழ்வதற்குக் காரணம் யாது? அவை கேட்பவனைப் பார்த்து விரலை நீட்டிக் குற்றம் சாட்டுவதில்லை. காக்கையின் பிழையையும் நரியின் சூழ்ச்சியையும் காட்டிவிட்டு, தன் நெஞ்சைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமையைக் கேட்பவனுக்கே விட்டுவிடுகின்றன.

இனி, கதையைப் பிள்ளை தனியே படிப்பதற்கும் ஒருவர் படிக்கக் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்போர்க்கு ஒரு சிறு வீடு போதும். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் பெண் ஒருத்தி, மாலை வேளையில் தன் தம்பிக்குக் கதை படித்துக் காட்டுவதாகக் கொள்வோம். அவள் தாய் வயலில் களையெடுத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டுகிறாள். எழுத்தறியாத பாட்டி முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். படிக்கப்படுவது எல்லோரும் அறிந்த காக்கைக் கதையே. பாட்டி ஒருத்தி வடை சுட்டாள். காக்கை ஒன்று அதனைக் கவர்ந்து சென்றது. நரி அதன் குரலைப் புகழ்ந்து பாடச் சொன்னது. காக்கை வாயைத் திறக்க வடை கீழே விழுந்தது. புகழ்ச்சிக்கு மயங்காதே என்பது நூலில் கண்ட நீதி. அதனைப் படித்துவிட்டு அவள் நூலை மூடப் போகும்போது தம்பி தடுக்கிறான்.

“அக்கா, அந்தப் பாட்டி வடையை விற்றுத்தானே அரிசி வாங்க வேண்டும்? காக்கை எடுத்துக்கொண்டு போனதை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?” என்கிறான்.

அக்காள் விடை தெரியாமல் விழிக்கிறாள். நூலில் அதற்கு விடை இல்லை. அப்போது கீரை ஆயும் பாட்டி, “நான் சிறுமியாய் இருந்தபோது கேட்ட கதை வேறு, கண்ணு. அந்தக் காக்கை வடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டுதான் பாடிற்று” என்று சொல்ல, எல்லோரும் சிரிக்கின்றனர். அடுப்படியிலிருந்து தாய், “பசிக்கிறது என்று வந்து நின்றிருந்தால் அவளே ஒரு வடை போட்டிருப்பாளே! திருடுவானேன்?” என்கிறாள்.

இங்கு நிகழ்ந்தது யாது? நூலில் ஒரு நீதி இருந்தது. அடுப்படியில் மூன்று பிறந்தன. ஏழையின் உழைப்பு களவு போதல் கூடாது என்பதனைச் சிறுவன் தானே கண்டுகொண்டான். கெட்டிக்காரத்தனத்தைக் கெட்டிக்காரத்தனத்தால் வெல்லலாம் என்பதனைப் பாட்டி காட்டினாள். பசித்தவன் கேட்கலாம், உடையவர் கொடுக்க வேண்டும் என்பதனைத் தாய் உரைத்தாள். அவள் அதனை அறிவுரையாகக் கூறவில்லை. தன் இயல்பையே கூறினாள். அந்நீதியைத் தம்பி மறப்பது அரிது. தனியே அமர்ந்து அக்கதையைக் கண்ணால் படித்திருப்பானாயின், அவனுடைய வினா அவனுக்குள்ளேயே தோன்றி அவனுக்குள்ளேயே அவிந்திருக்கும். தாயும் பாட்டியும் எழுத்தறியாதவர் ஆயினும் அறிவில்லாதவர் அல்லர்; அவர்களது அறிவு வெளிப்படுவதற்குப் படிக்கும் குரல் ஒன்று வேண்டியிருந்தது.

நூல் எத்துணை உயர்ந்ததாயினும் படிப்பவரைப் பொறுத்தே அது பயன் தருகிறது என்பதற்குக் காந்தியடிகளின் வாழ்க்கையில் தெளிவான சான்று உண்டு. அவருக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது, நோயுற்ற அவர் தந்தை போர்பந்தரில் சில காலம் தங்கியிருந்தார். அங்கு மாலைதோறும் லாதா மகராஜ் என்னும் அன்பர் இராமாயணம் படிக்க, அவர் தந்தை கேட்பது வழக்கம். படிப்பவருக்கு இனிய குரல் இருந்தது. அதனினும் மேலாக, படிப்பதில் அவர் உள்ளமே கரைந்திருந்தது. அருகிருந்து கேட்ட சிறுவராகிய காந்தியடிகள் அப்படிப்பில் தம்மை மறந்தார். பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதியபோது, இராமாயணத்தின்மீது தமக்கு உண்டான பற்றுக்கு அடிப்படை அதுவே என்று குறித்தார். சில திங்கள் கழித்து அக்குடும்பம் இராஜ்கோட்டுக்கு வந்தது. அங்கு ஏகாதசிதோறும் பாகவதம் படிக்கப்பட்டது. சிறுவர் சில நாள் சென்று கேட்டார்; ஆனால் படித்தவரிடம் ஊக்கமூட்டும் ஆற்றல் இல்லை. ஆதலின் அந்நூல் அப்போது அவர் நெஞ்சில் இடம்பெறவில்லை. பல ஆண்டுகள் சென்றபின், 1924-ஆம் ஆண்டில் இருபத்தொரு நாள் உண்ணாநோன்பு இருந்தபோது, பண்டித மாளவியா அந்நூற் பகுதிகளைப் படிக்கக் கேட்டார். இத்தகைய அன்பர் வாயிலாக இளமையிலேயே இதனைக் கேட்டிருக்கலாகாதா என்று ஏங்கினார்.

கேட்ட செவி ஒன்றே. ஒரு குரல் அவர் வாழ்நாள் முழுதும் உடன் வந்தது. மற்றொரு குரல் வாயிலிலேயே நின்றுவிட்டது. இவ்விரு குரல்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு யாது? தாம் படிப்பதனைத் தாமே விரும்பிப் படிப்பவரை இளம்பிள்ளை எளிதில் அறிந்துகொள்ளும். கடமைக்காகப் படிப்பவரையும் அவ்வாறே அறிந்துகொள்ளும். பிள்ளைகளை ஏமாற்றுதல் எளிது என்று முதியோர் எண்ணுகின்றனர். இந்த ஒன்றில் அவர்களை ஏமாற்றுதல் அரிது.

படிப்பவரின் ஒழுக்கமும் இதில் சேர்ந்தது. மாலையில் அரிச்சந்திரன் கதையைப் படித்துக் காட்டும் தந்தை, மறுநாட் காலையில் கடன் கொடுத்தவர் வந்து அழைக்கும்போது, வீட்டில் இல்லை என்று சொல்லுமாறு அப்பிள்ளையையே அனுப்புவாராயின், அரிச்சந்திரன் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு நொடியில் வீணாகும். பிள்ளை அன்று கற்பது வாய்மையை அன்று. வாய்மை கதைக்கு மட்டும் உரியது என்பதனையே கற்கும். கதை படிப்பவர் முற்றும் குற்றமற்றவராய் இருத்தல் வேண்டும் என்பது இதன் பொருளன்று. அத்தகையோர் உலகில் மிகச் சிலர். தவறியபோது, “நேற்றுப் படித்தோமே, நான் இன்று அதற்கு மாறாக நடந்துவிட்டேன்” என்று பிள்ளையிடம் ஒப்புக்கொள்ளும் நேர்மை இருந்தால் போதும். அந்த ஒப்புதலும் ஒரு கதைக்கு நிகரான பாடமாகும்.

பழங்கதைகள் எல்லாம் நல்லனவோ என்னும் வினாவும் எழுதல் இயல்பு. அல்ல என்பதே நேர்மையான விடை. சில கதைகள் பெண்ணைப் பேதை என இகழ்கின்றன. சில, பிறப்பால் ஒருவரை உயர்ந்தவர் என்றும் மற்றொருவரைத் தாழ்ந்தவர் என்றும் வகுக்கின்றன. சில, உடற்குறையுடையோரை நகைப்புக்கு உரியவராக்குகின்றன. மாற்றாந்தாய் என்றாலே கொடியவள் என்கின்றன சில. இத்தகைய கதைகளைப் பிள்ளை தனியே படித்தால் நஞ்சையும் அமுதையும் பிரித்தறியாமல் உண்ணக்கூடும். ஒருவர் படித்துக் காட்டும்போதோ, அவ்விடத்தில் நின்று, “இது முறையா? இவ்வாறு உன்னைச் சொன்னால் உனக்கு எப்படி இருக்கும்?” என்று கேட்கலாம். ஆகவே, கதைகளில் குறை உண்டு என்பது உடனிருந்து படிப்பதன் தேவையையே வலியுறுத்துகிறது. முன்னோர் தந்தன எல்லாவற்றையும் போற்ற வேண்டுவதில்லை. எல்லாவற்றையும் தள்ள வேண்டுவதுமில்லை. ஆராய்ந்து கொள்ளுதலே அறிவுடையார் செயல்.

இக்காலத்தில் கதை சொல்லும் கருவிகளுக்குக் குறைவில்லை. கைப்பேசியைத் தொட்ட அளவில் படமும் பாட்டுமாகக் கதைகள் வந்து குவிகின்றன. உணவூட்டும் தாய்மாரும் அழுகையை அடக்கும் தந்தையரும் அதனைப் பிள்ளை கையில் கொடுத்துவிடுகின்றனர். நாள் முழுதும் உழைத்துத் திரும்புவோரைப் பழித்தல் எளிது. ஆனால் அது நீதியன்று. அவர்களுக்கு ஓய்வு வேண்டும். கருவியும் தன்னளவில் தீயதன்று. எனினும் ஒன்றை மறத்தல் கூடாது. அக்கருவி பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கதை சொல்வதில்லை. பிள்ளை அஞ்சுமிடத்தில் அணைத்துக்கொள்வதில்லை. தம்பி கேட்டதுபோல் ஒரு பிள்ளை வினாவினால், அது காதில் வாங்காமல் அடுத்த கதைக்குத் தாவிவிடும். ஒரு நாளின் இறுதியில் கால்மணி நேரம் ஒரு மனிதக் குரல் ஒரு பிள்ளைக்கு உரியதாய் இருக்குமாயின், அக்குறை பெரிதும் நீங்கும்.

படித்துக் காட்டுதலுக்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. சில நெறிகள் போதும். படிக்கப்போகும் கதையை முன்னதாக ஒரு முறை தாமே படித்துக்கொள்ளுதல் நலம். எழுத்துகளைத் திருத்தமாக ஒலித்தல் வேண்டும். லகர ளகர ழகரங்கள் மயங்கினால், வாலும் வாளும் ஒன்றாகும். கிளியும் கிலியும் ஒன்றாகும். இளமையில் திருத்தமாகக் கேட்ட செவி பின்னர்ப் பிழையைத் தானே அறியும். நாடக மேடையில் போல் ஆர்ப்பரிக்க வேண்டுவதில்லை. சில இடங்களில் குரலைத் தாழ்த்துதலே மிகுதியாகப் பேசும். மனுநீதிச் சோழன் வரலாற்றில், கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலில் வந்து ஆராய்ச்சி மணியை அசைக்குமிடத்தில், படிப்பவர் சிறிது நிற்க வேண்டும். அந்த அமைதியில் மணியோசை பிள்ளையின் செவியில் ஒலிக்கும். அரசனுடைய மகனுக்கும் வாயில்லாப் பசுவுக்கும் நீதி ஒன்றே என்பதனை அதன்பின் எவரும் விளக்க வேண்டுவதில்லை. கதை முடிந்தவுடன் நீதியை எடுத்துரைக்க விரைதலும் கூடாது. விதையை ஊன்றியவுடன் தோண்டிப் பார்ப்பவன் உழவன் ஆகான்.

நூல்களுக்கும் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் சென்னை மாநிலமே. அச்சட்டம் 1948-ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. அதன் பயனாய்த் தமிழ்நாட்டின் நகரங்களிலும் சிற்றூர்கள் பலவற்றிலும் நூலகங்கள் அமைந்தன. பள்ளிகளிலும் கதை நூல்கள் உள்ளன. அவற்றுள் பல, அடுக்கில் வைத்தவாறே இருந்து தூசு படிகின்றன. நூல் இல்லாமை குறையன்று. அதனை எடுத்து வாய்விட்டுப் படிப்பார் இல்லாமையே குறை.

அவ்வாறு படிக்க வேண்டியவர் யாவர்? பெற்றோர் என்றும் ஆசிரியர் என்றும் சொல்லிவிட்டு நிறுத்துதல் எளிது. ஆயினும், வீட்டில் முதன்முதலாக எழுத்தறிவு பெற்றவராய்ப் பள்ளியில் பயிலும் மாணவ மாணவியர் இன்றும் பலர். அத்தகைய வீடுகளில் நூலைத் திறக்கும் திறவுகோல் அம்மாணவர் கையில்தான் இருக்கிறது. அவர் படிக்காவிட்டால் அவர்தம் தம்பி தங்கையர்க்குப் படித்துக் காட்டுவார் வேறொருவர் இல்லை. பாட்டியின் நெஞ்சில் உள்ள கதையை வெளிக்கொணர்வாரும் இல்லை. முதியவர் ஒருவர் மறையும்போது அவர் சொல்லாமல் வைத்திருந்த கதைகளும் அவரோடு மறைகின்றன. எந்த நூலகத்திலும் அவற்றுக்குப் படி இல்லை.

கல்வி, பெற்றவரிடமே தேங்கி நிற்பதற்கு உரியதன்று. குளத்து நீர் மடை வழியே கழனிக்குப் பாய்ந்தால்தான் பயிர் விளையும். மாலையில் விளக்கேற்றியபின், இளையவரை அருகிலும் முதியவரை எதிரிலும் இருத்தி, ஒரு கதையைத் தெளிவாகவும் அன்பாகவும் படித்துக் காட்டும் மாணவர், தம் கல்வியின் பயனை அன்றே பெற்றவர் ஆவார். கேட்ட பிள்ளை பிற்காலத்தில் கதையின் பெயரை மறக்கலாம். நூலின் பெயரையும் மறக்கலாம். பசித்தவர் ஒருவர் வாயிலில் வந்து நிற்கும்போது, தன்னை அறியாமல் எழுந்து சென்று உணவை எடுத்து வருமாயின், அன்று படித்த குரல் இன்னும் அதன் நெஞ்சில் படித்துக்கொண்டிருக்கிறது என்று அறியலாம்.